மாடிப்படியும் ஆயாவும் ஏழு லட்ச ரூபாய் நாற்காலியும்

இன்டர்னல், செமினார், செமஸ்டர் என்று இரண்டு மாதமாக எதுவும் எழுதவில்லை. இன்றைக்குக் கொஞ்சம் சீரியஸான விஷயம். வயசானவங்க இருக்கிற வீட்டில் இருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். மற்றவர்களும் படிக்கலாம், நமக்கும் ஒருநாள் முட்டி வலிக்கும் :-)

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் ஐந்து மாதமாக ஸ்டேர் லிஃப்ட் வாங்கலாமா வேண்டாமா என்று பேச்சு ஓடியது. மாடிப்படி ஓரமாக ஒரு தண்டவாளம், அதில் ஒரு நாற்காலி. உட்கார்ந்து பட்டனை அழுத்தினால் மேலே போகும், கீழே வரும். சினிமாவில் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஆயாவுக்காகத்தான் இந்தப் பேச்சு. ஆயாவுக்கு 67 வயசு. போன வருஷம் லேசாக ஸ்ட்ரோக் வந்து இடது கை, இடது கால் பலவீனமாகிவிட்டது. முட்டி வலி அதற்கு முன்பே உண்டு. வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடப்பார். படி மட்டும் முடியாது. நாங்கள் இருப்பது மாடியில்.

ஓசூருக்கு வயசாகிறது

ஓசூர் என்றாலே எல்லோரும் இளைஞர்கள் வேலைக்கு வரும் ஊர் என்றுதான் நினைப்பார்கள். ஷிஃப்ட் பஸ், பேச்சிலர் ரூம், பத்தலப்பள்ளி பக்கம் மேன்ஷன், இப்படி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிப்காட் 1971-ல் ஆரம்பிக்கப்பட்டது. டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து 1980-ல் வெளியே வந்தது. அசோக் லேலண்டின் ஓசூர் ஆலையும் அதே வருஷம். டைட்டன் கம்பெனி 1984-ல் தொடங்கி, சில வருஷத்தில் இங்கே வாட்ச் செய்ய ஆரம்பித்தது. அப்போது இருபது, இருபத்தைந்து வயசில் ஐடிஐ சர்டிபிகேட்டோடு வந்து இறங்கியவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயசு.

எங்கள் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். 1981-ல் ஊத்தங்கரை பக்கத்திலிருந்து ஆயாவையும் கைக்குழந்தையாக இருந்த அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். 1994-ல் கீழ்வீடு கட்டினார். 2008-ல் பி.எஃப். லோன் போட்டு மாடி கட்டினார். கீழே இரண்டு போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விட்டு, நாங்கள் மாடிக்குப் போனோம். 2018-ல் தாத்தா இறந்துவிட்டார்.

எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடு இதே மாதிரிதான். கீழே வாடகை, மேலே ஓனர். வெளிப்பக்கமாகச் சுவரை ஒட்டி ஒரு படிக்கட்டு. இந்த வீடுகளைக் கட்டும்போது எல்லோருக்கும் நாற்பது வயசு. எழுபது வயசில் இந்தப் படியில் எப்படி ஏறப் போகிறோம் என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் இல்லை, லோன் கட்டணுமே.

மொத்தத் தமிழ்நாட்டுக்கும் இதே கதைதான். 2011 சென்சஸ் படி தமிழ்நாட்டில் 60 வயசு தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் சொச்சம். மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பில் இது 2021-க்கு 13.6 சதவீதம், 2031-க்கு 18.2 சதவீதம். அதாவது ஐந்தில் ஒருத்தரை நெருங்குகிறோம். எங்கள் வீட்டுப் பிரச்சினை உங்கள் வீட்டுக்கும் வருகிறது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த நாற்காலி எப்படி வேலை செய்கிறது?

நான் பி.காம். மெஷின் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஐந்து மாதமாக கேட்டலாக் படித்துப் படித்து அரை இன்ஜினியர் ஆகிவிட்டேன்.

இது ஒன்றும் புது விஷயம் இல்லை. 1920-களில் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் கிரிஸ்பன் என்பவர் படியில் ஏறும் நாற்காலி ஒன்றைச் செய்து, 1923-ல் அதற்கென்று ஒரு கம்பெனியே ஆரம்பித்தார். இங்கிலாந்தில் லிஃப்ட் செய்துகொண்டிருந்த ஸ்டானா கம்பெனி 1975-ல் இதில் இறங்கியது. நம் ஊருக்குத்தான் மெதுவாக வருகிறது.

தெரிந்துகொண்டதில் முக்கியமானவை:

தண்டவாளத்தைச் சுவரில் மாட்டுவதில்லை, படியில்தான் போல்ட் போட்டு நிறுத்துகிறார்கள். அதனால் சுவரை விட படிதான் முக்கியம். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை, வீட்டுக்கு வீடு படியில் கிரானைட் பலகை ஒட்டியிருக்கிறோம். அது விளிம்பில் முக்கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சரியாக ட்ரில் பண்ணத் தெரியாதவர் கையில் விரிசல் விட்டுவிடும். விரிசல் விட்டால் யார் மாற்றித் தருவது என்று முன்பே எழுதி வாங்குங்கள்.

பெரும்பாலான மாடல்கள் பேட்டரியில் ஓடுகின்றன. இரண்டு 12 வோல்ட் பேட்டரி. நாற்காலி மேலேயோ கீழேயோ வந்து நிற்கும்போது சார்ஜ் ஆகும். ஆகவே கரண்ட் போனாலும் பாதிப் படியில் மாட்டிக்கொள்ள மாட்டோம். ஆனால் நடுவழியில் நிறுத்திவிட்டுப் போனால் சார்ஜ் ஆகாது. வீட்டில் குட்டிப்பசங்க இருந்தால் இதைத் தினமும் செக் பண்ணணும். பசங்க அதை ரங்கராட்டினம் என்று நினைக்காமல் இருக்க அதில் ஒரு சாவியும் உண்டு.

வேகம் ரொம்பக் கம்மி. ஐரோப்பியத் தரவிதி இ.என். 81-40 படி நொடிக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் ஓடும், கையை எடுத்தால் நின்றுவிடும். கால்பலகையில் ஏதாவது தட்டினாலும் நிற்கும். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் பட்டன் எந்தக் கைப்பக்கம் என்று பாருங்கள். எங்கள் ஆயாவுக்கு வலது கைதான் தெம்பு. இடது கைப்பிடியில் ஜாய்ஸ்டிக் வைத்த மாடலை வாங்கினால் அது ஷோகேஸ் பொம்மைதான்.

மேலே போனதும் நாற்காலி படிக்கு முதுகு காட்டுகிற மாதிரித் திரும்பணும். அப்போதுதான் இறங்கும்போது பின்னால் பள்ளம் இருக்காது. இது கையால் திருப்புவதா, மோட்டாரா என்று கேளுங்கள். பெல்ட்டை ஒரே கையால் மாட்ட முடிகிறதா என்று பாருங்கள். புடவை கட்டுகிறவர் என்றால் உட்காரச் சொல்லி முந்தானையும் கொசுவமும் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். கேட்டலாக்கில் உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரப் பாட்டிகள் எல்லோரும் பேன்ட் போட்டிருக்கிறார்கள், இந்தச் சந்தேகம் அவர்களுக்கு வராது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. உட்காரவும் எழுந்திரிக்கவும் முடிகிறவருக்குத்தான் இது. நேராக உட்கார முடியாதவர், அடிக்கடி தலைசுற்றல் வருகிறவர், ஞாபகம் தடுமாறி நடுவழியில் எழுந்து நிற்கக்கூடியவர், இவர்களுக்கு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ கேட்காமல் வாங்கவே கூடாது.

எங்கள் படி

அப்பா சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். மைக்ரான் கணக்கில் அளக்கிற கை. அவரே டேப் எடுத்து எங்கள் படியை அளந்தார். மொத்தம் 16 படி. எட்டு படி ஏறி, ஒரு லேண்டிங்கில் திரும்பி, மறுபடி எட்டு படி. அகலம் 33 அங்குலம். ஒவ்வொரு படியும் 8 அங்குல உயரம், அதாவது 203 மில்லிமீட்டர். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்கு அதிகபட்சம் 190 மில்லிமீட்டர்தான் என்கிறது. பதினாலு வருஷம் ஆயா அந்த 13 மில்லிமீட்டரை எக்ஸ்ட்ராவாக ஏறியிருக்கிறார், படிக்குப் படி.

நடுவில் அந்தத் திருப்பம் இருப்பதுதான் வினை. நேரான படி என்றால் தண்டவாளம் ரெடிமேட். வந்து, வெட்டி, அரை நாளில் மாட்டிவிட்டுப் போய்விடலாம். வேறு வீடு போனாலும் கழற்றி எடுத்துப் போகலாம். திருப்பம் இருந்தால் அந்தப் படிக்கென்றே அளவெடுத்து, வளைத்துச் செய்யணும். வாரக்கணக்கில் ஆகும். வேறு எந்தப் படிக்கும் அது பொருந்தாது. எங்கள் பாஷையில் சொன்னால் ஸ்கிராப் வேல்யூ கிட்டத்தட்ட பூஜ்யம்.

எங்களுக்கு வந்த கொட்டேஷன்:

நேர் மாடல் ஒன்று 2.75 லட்சம்.
வளைந்த மாடல், மழை வெயில் தாங்குகிற உறையோடு, வரி சேர்த்து 7.2 லட்சம்.

ஒரு சேல்ஸ்மேன் ஐடியா கொடுத்தார். "சார், ரெண்டு நேர் மாடல் போட்டுடலாம். லேண்டிங்ல இறங்கி மாறி உட்கார்ந்துக்கட்டும். அஞ்சரை லட்சத்துல முடிஞ்சுடும்." அப்பாவுக்கு அது பிடித்தது. ஸ்ட்ரோக் வந்தவர், நாலடிக்கு நாலடி லேண்டிங்கில், தூறல் நேரத்தில், ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து இன்னொன்றில் உட்காரணும். 1.7 லட்சம் மிச்சம் பிடிக்கப் போய் இடுப்பை உடைத்துக்கொள்கிற திட்டம். அம்மாதான் "அதெல்லாம் வேணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

என் கிளாஸ்மேட் ஒருத்தன் வீடு பாகலூர் ரோட்டில். டூப்ளெக்ஸ். உள்படி, நேரான படி, திருப்பமே கிடையாது. அவன் தாத்தாவுக்கு நேர் மாடல் போட்டு ஒரு வருஷம் ஆகிறது, ஜோராக ஓடுகிறது. அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். வாங்குவதற்கு முன்னால் தாத்தாவையே பெங்களூரு கூட்டிப்போய் ஒரு டெமோ நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் ஒன்றில் உட்கார்ந்துவிட்டு, "சீட் பள்ளமா இருக்கு, எழுந்திரிக்க முட்டி விடல" என்றாராம். உயரமான சீட் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினார்கள். அந்த இரண்டு அங்குலம் எந்த கேட்டலாக்கிலும் நம் கண்ணில் படாது. உட்காருகிறவருக்குத்தான் தெரியும்.

பார்டர் பிரச்சினை

ஓசூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் தலைவலி உண்டு. பெங்களூரு 40 கிலோமீட்டர், சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். ஒரு கம்பெனியின் பெங்களூரு ஆபீஸுக்கு போன் போட்டால், "ஓசூர் தமிழ்நாடு, சென்னை பிராஞ்ச் பார்ப்பாங்க" என்றார்கள். சென்னைக்குப் போட்டால், "உங்களுக்குப் பெங்களூருதானே பக்கம்" என்றார்கள். விற்கும்போதே இந்தப் பந்து விளையாட்டு என்றால், ரிப்பேர் என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்?

பக்கத்து வீட்டு அங்கிள் பெங்களூருவில் வாங்கினால் வரி மிச்சமாகும் என்றார். ஆகாது. ஜூலை 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து அந்தக் கதை முடிந்தது. வீட்டில் வந்து மாட்டிக் கொடுக்கிற பொருளுக்கு, மாட்டுகிற இடம்தான் கணக்கு. கர்நாடகாக்காரர் பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரி இருக்கும், சென்னைக்காரர் பில்லில் அதே தொகை மத்திய, மாநில வரி என்று இரண்டாக உடைந்திருக்கும். கூட்டினால் ஒன்றுதான். (இந்த ஒரு இடத்திலாவது மூன்று வருஷம் படித்த படிப்பு உதவியது :-))

ஆகவே பார்டரில் இருக்கிறவர்கள் விலையை விட சர்வீஸைக் கேளுங்கள். டெக்னீஷியன் எந்த ஊரிலிருந்து வருவார்? கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில்? வாரன்ட்டியில் பேட்டரி உண்டா? வருஷாந்திர பராமரிப்புக்கு எவ்வளவு, அதில் பார்ட்ஸ் சேருமா? எல்லாம் எழுத்தில். ஒரு ஆறுதல் என்னவென்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். அத்திப்பள்ளியைத் தாண்டிப் போய் வாங்கினாலும் வழக்குக்கு அங்கே அலைய வேண்டியதில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுப் பார்க்கலாம்.

யாரும் கேட்காத கேள்வி

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் வாதம் இது. ஆயா கீழே இறங்குவது மாதம் இரண்டு தடவை, ஆஸ்பத்திரிக்கு. அதற்கு பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்து, நானும் அப்பாவும் முன்னும் பின்னும் பிடித்துத் தூக்கி இறக்கிவிடுகிறோம். வருஷத்துக்கு 24 தடவை. மெஷின் பத்து வருஷம் ஓடும் என்று வைத்துக்கொண்டாலும் 240 தடவை. 7.2 லட்சத்தை 240-ஆல் வகுத்தால் ஒரு தடவைக்கு மூவாயிரம் ரூபாய். "மூவாயிரம் ரூபாய்க்கு ஹெலிகாப்டரே வரும்" என்றார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

ஒருநாள் ராத்திரி ஆயாவுக்கு மாத்திரை கொடுக்கும்போது சும்மா கேட்டேன். "ஆயா, நாற்காலி வந்தா நீ எத்தினி தடவ கீழ போவ?"

ஆயா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏன்டா, இத்தினி நாளா என்ன பத்தியா பேசினு இருந்தீங்க? நான் ஏதோ வேற வேலைன்னு நெனச்சேன்."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஹாலில் உட்கார்ந்துதான் எல்லாம் பேசினோம். ஆயாவும் அங்கேதான் இருந்தார். நாங்கள் படி அகலம், பேட்டரி, ஜி.எஸ்.டி. என்று பேசியதில் அவர் பெயர் ஒரு தடவை கூட வரவில்லை.

அப்புறம் அவரே சொன்னார். "தெனம் போவேன். காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. எதுத்த வூட்டு அவ்வா கேட்டாண்ட வந்து மேல பாத்து கைய ஆட்டிட்டு ஆட்டிட்டு போவுது. அஞ்சு மாசமா அது கூட ரெண்டு வார்த்த பேசல."

எதிர்வீட்டு அவ்வா தெலுங்குக்காரர். ஆயாவுக்குத் தெலுங்கு அரைகுறை, அவ்வாவுக்குத் தமிழ் அரைகுறை. முப்பது வருஷமாக எங்கள் கேட் பக்கத்துப் படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் எந்த பாஷையில் பேசுவார்கள் என்று யாருக்கும் புரிந்ததில்லை. பூ கட்டுவது, கீரை ஆய்வது, ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகளை மிரட்டுவது எல்லாம் அங்கேதான்.

நான் போய்க் கணக்கை மறுபடி போட்டேன். தினமும் இரண்டு தடவை, வருஷத்துக்கு 730, பத்து வருஷத்துக்கு 7,300. அதே 7.2 லட்சத்தை வகுத்தால் ஒரு தடவைக்குத் தொண்ணூற்றொன்பது ரூபாய்கூட முழுசாக ஆகவில்லை. மெஷினும் மாறவில்லை, விலையும் மாறவில்லை. வகுக்கிற எண்ணை அவரிடம் கேட்காமல் நாங்களே வைத்துக்கொண்டதுதான் தப்பு. ஆஸ்பத்திரிக்குப் போவது மட்டும்தான் அவருடைய தேவை என்று யார் முடிவு செய்தது?

இன்னொரு கணக்கு

அத்தோடு விட்டிருந்தால் நாற்காலி வாங்குங்கள் என்று முடித்திருப்பேன். ஆனால் ஆயா தினமும் கீழேதான் இருக்க ஆசைப்படுகிறார் என்றால், அவர் ஏன் மேலே இருக்கணும்? இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

கீழே இரண்டு போர்ஷனும் தலா 7,500, மாதம் 15,000 வாடகை வருகிறது. மாடி மூன்று பெட்ரூம், தெருவில் விசாரித்ததில் 14,000-க்குப் போகும். இரண்டு போர்ஷனுக்கும் நடுவில் இருக்கிற சுவரைத் திறந்து, ஒரு பாத்ரூமில் வழுக்காத டைல்ஸும் கைப்பிடியும் போட்டு, நாங்கள் கீழே வந்துவிட்டால்? மேஸ்திரி ஒன்றரை லட்சம் சொன்னார். வாடகையில் மாதம் ஆயிரம் குறையும், பத்து வருஷத்துக்கு 1.2 லட்சம். மொத்தம் 2.7 லட்சம். நேர் மாடல் ஒன்றின் விலையை விடக் கம்மி! பேட்டரி மாற்ற வேண்டாம், டெக்னீஷியனுக்குக் காத்திருக்க வேண்டாம், மழைக்கு உறை போட வேண்டாம்.

இதைச் சொன்னதும் அப்பா முகம் மாறிவிட்டது. "ஹவுஸ் ஓனர் கீழ இருக்க, குடியிருக்கிறவன் தலை மேல நடப்பானா?" என்றார்.

அதுதான் உண்மையான காரணம். காசு இல்லை. எங்கள் ஊரில் மாடிக்குப் போவது ஒரு பிரமோஷன். லைன் வீட்டில் ஆரம்பித்து, ஒரு கிரவுண்ட் வாங்கி, கீழ்வீடு கட்டி, மாடி கட்டி, மேலே போய் உட்கார்ந்தால்தான் ஜெயித்த மாதிரி. தாத்தா அப்படித்தான் ஏறினார். அவர் ஏறிய படியில் அவர் பெண்டாட்டியை இறக்குவது அப்பாவுக்குத் தோற்ற மாதிரி இருந்தது. அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்தப் பெருமைக்கான வட்டியை ஐந்து மாதமாக ஆயாதான் கட்டிக்கொண்டிருந்தார், ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்து.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. முன் போர்ஷன்காரர்கள் தை மாதம் காலி செய்வதாக அவர்களே சொல்லியிருந்தார்கள். பின் போர்ஷனில் இருப்பவர் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை, பையன் ஒன்பதாவது படிக்கிறான். அவரால் மாடிக்கு 14,000 கொடுக்க முடியாது. எங்கள் ஆயாவுக்காக அவர்கள் அலையணும். அதனால் பையன் முழுப்பரீட்சை முடிகிற வரை அவர்கள் அங்கேயே இருக்கட்டும், முன் போர்ஷனுக்கு ஆயாவும் நானும் மட்டும் முதலில் போகிறோம் என்று பேசியிருக்கிறோம். ஆயாவுக்கும் ஒரு பயம் இருந்தது. "என்ன தனியா கீழ போட்டுட்டு நீங்க எல்லாம் மேல இருப்பீங்களா?" என்றார். இல்லை ஆயா, நானும் வருகிறேன்.

என் கருத்து

ஸ்டேர் லிஃப்ட் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. என் கிளாஸ்மேட் வீடு மாதிரி உள்படி, நேர்படி, பெட்ரூம் மேலே, தாத்தாவுக்கு அதே ரூம்தான் வேணும் என்றால் தாராளமாக வாங்குங்கள். சொந்தக்காரர்கள் "எதுக்கு இவ்ளோ செலவு" என்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆனால் கேள்விகளின் வரிசை முக்கியம். முதலில் அவரிடம், எங்கே போகணும், தினமும் எத்தனை தடவை, யாரைப் பார்க்க என்று கேளுங்கள். இரண்டாவது, அந்த இடத்துக்குப் போக படி ஏறித்தான் ஆகணுமா, ரூமை மாற்றினால் போதுமா என்று பாருங்கள். மூன்றாவதாகப் படியை அளங்கள். நான்காவது, அவரையே கூட்டிப்போய் உட்கார வையுங்கள். விலை, வாரன்ட்டி, கேட்டலாக் எல்லாம் ஐந்தாவதுதான். நாங்கள் ஐந்திலிருந்து ஆரம்பித்து ஐந்து மாதத்தை வீணாக்கினோம். அறுபத்தேழு வயசில் ஐந்து மாதம் என்பது சின்ன விஷயம் இல்லை.

அப்பா இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் பட்டறையிலிருந்து வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போனார். முன் போர்ஷன் வாசல்படியை அளந்துகொண்டிருந்தார். நாலு அங்குலம்தான் உயரம், ஒரு சின்னச் சரிவு போட்டால் வாக்கர் போகும் என்றார். மேலே வந்து, ஐந்து மாதத்தில் முதல் தடவையாக ஆயாவிடம் நேராகக் கேட்டார்: "அம்மா, கட்டில ஜன்னல் பக்கம் போடட்டுமா, கதவு பக்கம் போடட்டுமா?"

"கதவு பக்கம்" என்றார் ஆயா. யோசிக்கவே இல்லை.

பி.கு: நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி, ஒவ்வொரு படி விளிம்பிலும் மஞ்சள் பெயின்ட், மேலேயும் கீழேயும் சுவிட்ச் உள்ள ஒரு லைட். எங்கள் வீட்டில் சில ஆயிரத்தில் முடிந்தது. அம்மாவுக்கும் இப்போதே முட்டி வலி ஆரம்பித்துவிட்டது.